பின்பக்கத்து இடது கதவு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை விட்டு மண்ணிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பிரயூன் தன்னுடைய பழைய பச்சைக் காரை அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

சங்குவான் படியிறங்கி வரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் சியாங்மாய் ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். வண்டி முழுதாக நின்று ஓயும்வரை நிமிர்ந்து அசையாமல் நிற்பது அவர் உடம்பில் ஊறிப்போன வழக்கம்.

"வா அண்ணே, பாத்துக்க. இனிமே உன்னோட வண்டி," என்றான் பிரயூன்.

சங்குவான் இறங்கிவந்து ஒரு சுற்று சுற்றினார். பச்சைச் சாயம் வெயிலில் வெளிறியிருந்தது. முன்பக்கத்து பம்பர் மட்டும் மற்ற பாகங்களைவிடப் புதிதாக இருந்தது. குனிந்து மீட்டரைப் பார்த்தார். நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூற்று ஆறு கிலோமீட்டர்.

"நம்ம ஊருக்கும் பாங்காக்குக்கும் எத்தனை நடை போயிருக்கு இது?"

"ஓடின வண்டிதான் ஓடும் அண்ணே. கிளட்ச் மாத்தணும். ரேடியேட்டர் லேசா ஒழுகுது. கூரைத்துணி தொங்குது. பின்னாடி இடது கதவு உள்ள இருந்து திறக்காது, வெளிய வந்துதான் திறந்துவிடணும். அவ்வளவுதான்."

"சும்மா குடுக்கிற வண்டிக்கு இத்தனை வியாதியா?"

"உனக்கு இல்லாத வியாதியா? உன்னை நாங்க வச்சுக்கலையா?"

சங்குவானின் உதடு லேசாக வளைந்தது. இந்தப் பயலிடம் மட்டும்தான் அவர் சிரிப்பார். அப்பா செத்தபோது பிரயூனுக்கு ஒன்பது வயது. தோளில் தூக்கிவைத்து வளர்த்தவர் அவர். அந்தப் பையன் இன்று அரிசி மில் முதலாளி.

கார் அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது. மனைவி வான்பென்னுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தூரம். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு இரைக்கும். போன மாதம் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் யார் வாசலிலாவது போய் நிற்க வேண்டியிருந்தது. கேட்கும்போது அவருடைய முதுகு இன்னும் விறைத்துக்கொள்ளும். குரல் அதட்டலாக வரும். ஊரில் பாதிப் பேர் அதனாலேயே சாக்குச் சொன்னார்கள்.

பஸ் நின்ற மூன்றாம் வாரம் தம்பி காரோடு வந்து நிற்கிறான்.

"பின்னாடி பாத்தியா?" என்றான் பிரயூன். பின்கண்ணாடியில் புதிதாக ஒரு ஒட்டுவில்லை. 'இந்தக் கார் வெள்ளை நிறம்' என்று எழுதியிருந்தது. "நீ சனிக்கிழமை பொறந்தவன். பச்சை உனக்கு ஆகாது. இப்படி எழுதி ஒட்டினா தோஷம் போயிடும். அதான் நானே ஒட்டிட்டேன்."

அந்த அக்கறை சங்குவானைத் தொட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிரயூன் கூடையைத் திறந்தான். சாமந்தி மாலை, சிவப்பு சோடா, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒன்பது ஊதுவத்தி. வண்டிக்குள் குடியிருக்கும் வண்டித் தாய்க்குப் படையல். கைமாறும்போது பழைய ஆள் அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். புதிய ஆள் ஏற்க வேண்டும். மாலையை எடுத்துக் கண்ணாடியில் மாட்டப் போனவன் கடைசி நொடியில் கையை மாற்றி, பின்சீட்டில் தலை சாய்க்கும் மெத்தையில் மாட்டினான்.

"வாயால ஒரு வார்த்தை சொல்லிடு அண்ணே. ஏத்துக்கிறேன்னு."

"ஏழு நாள் ஓட்டிப் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

"வண்டித் தாய் காத்துக்கிட்டு இருப்பா."

"காத்திருக்கட்டும். சிக்னல் விழாம நான் எந்த வண்டியையும் ஏத்துக்கிட்டதில்ல."

பிரயூனின் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. கண்கள் மட்டும் ஒருமுறை காரின் பின்சீட்டுக்குப் போய் வந்தன. "சரி. ஆனா சொல்லிடு. மறந்துடாத."

அவனை அழைத்துப்போக மில் டிரைவர் புதுக் காரோடு வந்தான். ஏறுவதற்கு முன் பிரயூன் நெஞ்சுக்கு நேரே கைகூப்பித் தலை தாழ்த்தினான். அண்ணனுக்கு என்றுதான் சங்குவான் நினைத்தார். பதிலுக்குக் கை தூக்கியபோது கவனித்தார்.

அவன் கும்பிட்டது பின்சீட்டை.

திங்கட்கிழமை விடிந்ததும் சங்குவான் பழைய ஸ்டேஷன் டைரியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். எந்த வண்டியையும் எண்ணைக் குறிக்காமல் தொடுவதில்லை அவர். மீட்டரின் கடைசி மூன்று இலக்கம் இருநூற்று இருபது.

நேற்று பார்த்தது இருநூற்று ஆறு. சாவி அவருடைய தலையணைக்கு அடியில் கிடந்தது. சக்கரத்தடியில் ஈர மண் கலையவில்லை. மழைக்கு ஒதுங்கிய கோழி ஒன்று முன்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். எழுபத்திரண்டு வயது. எண்ணைத் தப்பாகப் படித்திருக்கலாம்.

செவ்வாய் காலை இருநூற்று முப்பத்து நான்கு.

அவர் தப்பாகப் படிக்கவில்லை. பதினான்கு. மறுபடியும் பதினான்கு.

"என்னங்க, கிளம்பலையா?" வான்பென் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"மீட்டர் கோளாறு," என்றார். கிளட்ச், ரேடியேட்டர், கூரைத்துணி என்ற பட்டியலின் கீழே மீட்டர் என்று எழுதிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். மலையடிவாரம் முழுக்க மூடுபனி. முன்விளக்கின் வெளிச்சம் பத்தடிக்கு அப்பால் பாலில் விழுந்தது போலக் கரைந்தது. வான்பென் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். வண்டி முனகினாலும் ஒழுங்காகத்தான் போனது. தம்பி நல்ல காரியம்தான் செய்திருக்கிறான் என்று சங்குவான் நினைத்தார். கிளட்சை மாற்றினால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். இன்று சாயங்காலமே ஊதுவத்தி கொளுத்திச் சொல்லிவிடலாம்.

அப்போது அந்த வாசனை வந்தது.

தணலில் சுட்ட வாழையிலை. அதற்குள் வெந்த ஒட்டரிசி, தேங்காய்ப்பால். ரயில் மேடைகளில் விற்கும் பொட்டலங்களின் வாசனை. பசியைக் கிளப்பும் வாசனைதான். ஆனால் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. சாலையோரம் ஒரு அடுப்புகூட இல்லை.

வான்பென் கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "பின்னாடி யாரைங்க ஏத்தினீங்க?"

"யாரையும் ஏத்தல."

"தள்ளித் தள்ளி உக்கார்ற சத்தம் கேக்குது."

சங்குவான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. தலை சாய்க்கும் மெத்தையில் மாட்டிய சாமந்தி மாலை இரண்டு நாளில் கறுத்துப்போயிருந்தது. அதற்குக் கீழே, இடதுபக்கம், சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது.

ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் அளவுக்கு.

சாலையோரத்தில் வெள்ளைக் கிலோமீட்டர் கல் பனியிலிருந்து மெல்ல எழுந்துவந்தது. அவர்கள் ஊர் முச்சந்தியிலிருந்து எண்ணினால் பதினான்காவது கல். அதன் நேரே வந்ததும் இன்ஜின் நின்றது.

சாவியைத் திருப்பினார். கிளுக் என்றது.

மறுபடி திருப்பினார்.

கிளுக்.

மூன்றாவது முறை அவர் திருப்பவில்லை. சத்தம் வந்தது. அது இன்ஜினிலிருந்து வரவில்லை. பின்பக்கத்து இடது கதவின் உட்புறத்தில் ஏதோ உரசியது. நகம். மேலும் கீழும், மேலும் கீழும், எதையோ தேடித் துழாவிக்கொண்டே இருந்தது.

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில்.

பிறகு, காதுக்குப் பின்னால், வெகு பணிவான ஒரு குரல்.

"மாஸ்டர்... இறக்கி விடுங்க மாஸ்டர்."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். இருபது வருஷம் கேட்ட குரல். "மாஸ்டர், சூடா இருக்கு, ரெண்டு எடுத்துக்கங்க" என்று மேடையில் கூடையோடு நடந்த லம்யாய். ரயில் குறைந்துபோன பிறகு சைக்கிளில் பொட்டலம் கட்டிக்கொண்டு சாலையில் விற்றவள். போன வருஷம் ஜனவரியில் இதே கல்லுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பிணமாகக் கிடந்தாள். எந்த வண்டி மோதியது என்று கடைசிவரை தெரியவில்லை.

பூண்டு ஏற்றிய லாரி ஒன்று நின்று அவர்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி முடிந்து மாலையில் திரும்பிவந்தபோது, கார் சாவியின் முதல் திருப்பலிலேயே ஊரைப் பார்த்துக் கிளம்பியது. எந்த மறுப்பும் இல்லை.

புதன்கிழமை உச்சி வெயிலில், கம்மூனின் பட்டறையில், காரின் நான்கு கதவுகளும் திறந்து கிடந்தன. கம்மூன் சிறுவயதில் ஆறு வருஷம் புத்த மடத்தில் இருந்துவிட்டு மெக்கானிக் ஆனவன். அவன் நாக்கில் மட்டும் மடத்து அடக்கம் ஒட்டவில்லை.

"மாஸ்டர், இதை ஏத்துக்கிறதா வேணாமான்னு என்னைக் கேக்கறீங்க. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. உங்க தம்பி வாயை விடச் சுத்தமா இருக்கு."

"வாயை அடக்கு. என் தம்பி அவன்."

"சரி, சரி." கம்மூன் இடது கதவின் உள்தகட்டைக் கழற்றினான். ஸ்க்ரூ துளைகளை விரலால் தடவிப் பார்த்தான். "இது தேஞ்சு போகல மாஸ்டர். பிடியை யாரோ ஸ்க்ரூ கழட்டி எடுத்திருக்காங்க. ஆள் உள்ள இருந்து இறங்கக் கூடாதுன்னு."

தகட்டின் ஓரத்தில் கோடுகள் இருந்தன. ஐந்து ஐந்தாக.

"கூரைத்துணியையும் பிரிச்சுடு," என்றார் சங்குவான். குரல் அவருடையது போலவே இல்லை.

பின்சீட்டுக்கு மேலே தொங்கிய துணி ஒரே இழுப்பில் கிழிந்து வந்தது. உள்ளே வெற்றுத் தகரத்தில் வெள்ளைச் சாந்தால் கட்டங்கள் போட்டு, பழைய வடக்கத்தி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. புது வண்டிக்கு பிக்குகள் டிரைவர் தலைக்கு மேலே இடும் சாந்து அது. பின்சீட்டுக்கு மேலே யாரும் இடுவதில்லை. கம்மூன் கழுத்தைச் சாய்த்து எழுத்துக் கூட்டினான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"படி."

"வேணாம் மாஸ்டர்."

"படின்னு சொல்றேன்."

கம்மூன் மறுபடி அண்ணாந்து பார்த்தான். "'இவளைச் சுமப்பவன் மூத்தவன் சங்குவான். சனிக்கிழமை பிறந்தவன். வாக்குக் கொடுத்தவன்.' கீழ தேதி இருக்கு. போன வருஷம் பிப்ரவரி."

பிப்ரவரி. அப்போது வான்பென் வயலில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் என்ற பேச்சே வீட்டில் இல்லை. பஸ் தினமும் ஓடியது. அண்ணனுக்கு ஒரு கார் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், அண்ணன் பெயரை எழுதித் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, தம்பி காத்திருந்திருக்கிறான். வான்பென் விழுந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் அவன்.

வாக்குக் கொடுத்தவன்.

சங்குவான் அங்கிருந்த டயரின் மேல் உட்கார்ந்தார். லம்யாய் செத்த அன்று, இருட்டிய பிறகு, பிரயூன் வியர்வையில் நனைந்து வீட்டுக்கு வந்தான். "அண்ணே, சேவற்கட்டுல போலீஸ் புகுந்துடுச்சு. யாராவது கேட்டா நாலு மணியில இருந்து இங்கதான் இருந்தேன்னு சொல்லிடு." மறுநாள் போலீஸ்காரன் வந்து கேட்டான். சங்குவான் நிமிர்ந்து நின்று சொன்னார்: நாலு மணியிலிருந்து என் தம்பி என் வீட்டில் இருந்தான். ஸ்டேஷன் மாஸ்டரின் வார்த்தை. போலீஸ்காரன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். சேவற்கட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று சங்குவானும் யோசிக்கவில்லை. லம்யாயின் எரியூட்டுக்குப் போய், சிதையில் சந்தனப் பூ வைத்து, திரும்பிவந்து சாப்பிட்டார்.

அன்று பிற்பகல் தம்பியின் மில்லில் தவிட்டுத் தூசி புகை போல நின்றது. அலுவலக அறையில் பிரயூன் மட்டும் இருந்தான். சங்குவான் சாவியை மேசைமேல் வைத்தார்.

"வண்டி வேண்டாம்."

பிரயூன் சாவியைப் பார்த்தான். தொடவில்லை. "கூரையைப் பிரிச்சியா?"

"அவ உயிரோட இருந்தாளா?"

பிரயூன் மேசையில் படிந்த தவிட்டை விரலால் வழித்தான்.

"நான் கேக்கறேன். நீ ஏத்தும்போது அவ உயிரோட இருந்தாளா?"

"மோதினதும் ஆஸ்பத்திரிக்குத்தான் அண்ணே கொண்டுபோனேன். சத்தியமா. பதினாலாவது கல்லு வரைக்கும் கொண்டுபோனேன். பின்னாடி படுத்துக்கிட்டே என் பேரைச் சொல்லிச் சொல்லி, இறக்கி விடுங்க, இறக்கி விடுங்கன்னா. ஆஸ்பத்திரியிலயும் அதே பேரைச் சொல்லுவான்னு தோணிச்சு." பிரயூன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நிறுத்தினேன். அவ கதவைத் திறக்கப் பாத்தா. பிடியைக் கழட்டினேன். அப்புறம் கொஞ்ச நேரம்... உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருட்டற வரைக்கும்."

சங்குவானின் கை தானாக மேலே எழுந்தது. அறையவில்லை. ஒன்பது வயதில் தோளில் சுமந்த முகம்தான் எதிரே இருந்தது. கை இறங்கிவிட்டது.

"தினமும் அந்தக் கல்லு வரைக்கும் போறா. மேல போக முடியல. தாங்க முடியல அண்ணே. மலைமேல ஒரு பெரியவரைப் பாத்தேன். யாரு வாக்குல இது மூடிச்சோ, அவன் வண்டியை ஏத்துக்கிட்டா அவ அவன்கூடப் போயிடுவான்னாரு."

"என் பொண்டாட்டி உக்கார்ற வண்டியில ஏத்தி விட்டியே."

"பின்சீட்டுதானே."

இதைச் சொன்னபோது அவன் குரலில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. அதுதான் சங்குவானை உடைத்தது. "போலீஸ்ல சொல்லப் போறேன்," என்றார்.

பிரயூன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "என்னன்னு சொல்லுவ? ஸ்டேஷன் மாஸ்டர் பொய் சாட்சி சொன்னாருன்னா? அப்பா பேரு இந்த ஊர்ல எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியும். போய்ச் சொல்லு. நானும் வரேன். ரெண்டு பேரும் சேந்தே தலை குனியலாம்."

தவிட்டு இயந்திரம் தடதடத்தது. சங்குவான் சாவியை மேசைமேலேயே விட்டார். பிறகு திரும்பி நடந்தார். மில் வாசலைக் கடந்தபோது தம்பியின் குரல் பின்னால் வந்தது. உரக்கக்கூட இல்லை.

"நீ வாயால சொல்லலேன்னு நினைக்காத அண்ணே. அன்னிக்கு போலீஸ்காரன்கிட்டயே சொல்லிட்ட."

இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வீடு வந்தார். முதுகு வளையவில்லை. கார் போயிற்று, குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அவ்வளவு போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் தீரனிடம் போய்க் கேட்டார். அவன் உடனே சம்மதித்தான்.

வியாழன் காலையும் பனி. வேன் புதியது, வெள்ளை, துடைத்துவைத்தது போலச் சுத்தம். வான்பென் நடு வரிசையில் உட்கார்ந்தாள். சங்குவான் முன்னால் டிரைவர் பக்கத்தில். தீரன் வழியெல்லாம் மழையையும் மாங்காய் விலையையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பதினான்காவது கல் வந்தது. சங்குவான் மூச்சை அடக்கிக்கொண்டார்.

வேன் நிற்கவில்லை. கல் பின்னால் போய்ப் பனியில் மறைந்தது.

பதினைந்து. பதினாறு. சங்குவான் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு நாளில் முதன்முறையாகத் தோள் தளர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஊழியன் ஒருவன் சக்கர நாற்காலியோடு காத்திருந்தான். வான்பென்னை அதில் உட்காரவைத்தான். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டு, இன்னொரு நாற்காலியையும் வரவழைத்தான்.

"ஒருத்தர்தான்," என்றார் சங்குவான்.

"அந்த அம்மா?" ஊழியன் வேனின் நடு வரிசையைப் பார்த்தான். "இறங்க மாட்டேங்கிறாங்களே. உங்க பேரைத்தான் சொல்றாங்க, மாஸ்டர்தான் சொல்லணுமாம்."

தீரன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வான்பென் தன் கணவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவள் பார்வையில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. வழிநெடுக ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து வந்ததில் அவளுடைய வலது தோள் கண்ணாடி ஈரத்தில் நனைந்திருந்தது.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "அவகிட்ட என்ன சொல்லணும் நீங்க?"

சங்குவான் வாயைத் திறந்தார்.

வேனின் இடது கதவு அகலத் திறந்தே கிடந்தது. உள்ளே நகம் உரசும் சத்தம், மேலும் கீழும், மேலும் கீழும், பிடியைத் தேடிக்கொண்டிருந்தது.

வாழையிலை வாசனை அவர் சட்டையிலிருந்து வந்தது.